மூன்று வருடப் பூட்ஸ், ஏலகிரி ஏற்றத்தில் சோல் கழன்றுவிட்டது: அடுத்து எதை வாங்குவது?

தாம்பரம்_350
ஆகஸ்ட் 11, இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏலகிரி போயிருந்தேன். மேலே ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டோ ஒன்பதோ தாண்டி, ஓரமாக வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினேன். வலது குதிகாலுக்குக் கீழே மணல்மேல் நிற்பது போல நழுவியது. குனிந்து பார்த்தால் சோல் பின்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. உள்ளே இருந்த கறுப்பு ஸ்பாஞ்சை விரலால் தொட்டேன், வெல்லம் உதிர்வது போல உதிர்ந்தது. மேலே தோலில் ஒரு கீறல் கிடையாது, தையல் எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது. கீழே மட்டும் இந்த நிலைமை.

ஒரு பெட்டிக்கடையில் சணல் கயிறு வாங்கி பூட்ஸைச் சுற்றிக் கட்டிக்கொண்டு 200 கி.மீ.க்கு மேல் ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். பின் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் சோல் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

மூன்று வருடம் முன்பு தள்ளுபடியில் 11,500 ரூபாய்க்கு வாங்கிய உயரமான டூரிங் பூட்ஸ் அது. வாட்டர்ப்ரூஃப். மொத்தமாகப் பார்த்தால் இருபது தடவை போட்டிருந்தால் அதிகம். நல்ல பொருள், வீணாகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு பயணம் முடிந்ததும் துடைத்து, அதன் பெட்டியிலேயே போட்டுப் பரணில் ஏற்றிவிடுவேன். ஒரகடத்துக்கு வேலைக்குப் போக வர தினமும் 50 கி.மீ., அதற்குச் சாதா கான்வாஸ் ஷூதான். பொத்திப் பொத்தி வைத்த பொருள் பாதி வழியில் கைவிட்டதுதான் மனசுக்கு ஆறவில்லை.

இது ஏன் இப்படி ஆனது? திரும்ப சோல் போட முடியுமா? புதிதாக வாங்கினால் வேலைக்கும் மலைக்கும் ஒரே ஜோடி போதுமா? 12,000 வரை செலவு செய்யத் தயார். படம் இணைத்திருக்கிறேன்.

கொல்லிமலை_70
ஆகஸ்ட் 11, இரவு 10.15

படம் பார்த்தேன். நிறுத்திய பிறகு நடந்ததே நல்லது தம்பி. வளைவில் வேகம் குறைந்து காலை ஊன்றும் நேரத்தில் நடந்திருந்தால் வண்டியோடு சாய்ந்திருப்பீர்கள். உங்கள் பெயரில் இருக்கும் 350 ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் என்றால் 195 கிலோ. சாயப் பார்க்கும் அந்த எடையை நிறுத்துவது உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் அந்த ஓர் அங்குலம்தான்.

பரண் சூடு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆம்பூர் அண்ணன் வந்தால் சரியாகச் சொல்வார்.

ஆம்பூர்_லாஸ்ட்
ஆகஸ்ட் 12, காலை 6.50

வந்துவிட்டேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் 17 வருடமாக வேலை. இப்படி உதிர்ந்த சோலோடு யாராவது தேடி வருவது வழக்கம்தான். வருகிற எல்லோரும் இதையேதான் சொல்வார்கள்: "நான் போடவே இல்லையே அண்ணா."

உங்கள் பூட்ஸில் தரையைத் தொடுவது ரப்பர். அதற்கும் மேல்தோலுக்கும் நடுவில் இருப்பது பாலியூரிதேன் நுரை, நாங்கள் பி.யு. என்போம். எடை குறைவு, மெத்தென்று இருக்கும், நாள் முழுக்க நின்றாலும் அலுப்புத் தெரியாது. கடையில் போட்டு நாலு அடி நடந்ததும் மனசுக்குப் பிடித்துப்போவது இந்த நுரையால்தான். ஆனால் பி.யு.வில் பாலியெஸ்டர் வகைக்குக் காற்றில் இருக்கும் ஈரம் ஆகாது. ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி அதன் வேதிப் பிணைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும். நீராற்பகுப்பு என்று புத்தகத்தில் சொல்வார்கள். முதலில் பிசுபிசுப்பு, அப்புறம் மயிரிழை வெடிப்பு, கடைசியில் நீங்கள் பார்த்த வெல்லத் தூள். சூடு கூடக் கூட வேகமும் கூடும். சென்னைக் காற்றின் ஈரம், மே மாதத்துப் பரண் சூடு, மூடிய அட்டைப்பெட்டி, மூன்றும் சேர்ந்தால் அந்த நுரை என்ன செய்யும்?

தினமும் போடுகிறவருக்கு ரப்பர் தேய்ந்துதான் சோல் போகும். போடாமல் வைப்பவருக்கு ரப்பர் பூ அழியாமல் இருக்கும்போதே உள்ளே நுரை போய்விடும். இன்னொன்று, நுரைக்கு வயது ஆரம்பிப்பது நீங்கள் பில் போட்ட நாளில் இல்லை, அதை அச்சில் ஊற்றிய நாளில். தள்ளுபடியில் வந்த ஜோடி என்றால் கோடவுனில் எவ்வளவு நாள் கிடந்ததோ. நாக்கின் உள்பக்கம் அல்லது ஜிப் ஓரம் இருக்கும் லேபிளில் மாதம், வருடம் அச்சிட்டிருக்கும். அச்சில் ஊற்றிய சோல்கள் சிலவற்றின் அடியில் சின்ன கடிகாரம் போல ஒரு வட்டம் இருக்கும், நடுவில் வருடம், அம்புக்குறி மாதத்தைக் காட்டும். தேடிப் பாருங்கள்.

பாலியீதர் வகை பி.யு. ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஈவா என்று இன்னொரு வகை நுரை இருக்கிறது, அது இப்படி உதிராது, ஆனால் நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிடும். முழு ரப்பர் சோல் கனமாக இருக்கும், கொஞ்சம் விறைப்பு, ஆனால் பல வருடம் வரும். எந்த வகை என்று கடைக்காரரைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. அதனால் தேதியைப் பார்த்து வாங்குங்கள், வாங்கியதைப் போடுங்கள்.

திரும்பப் போட முடியும். பழைய நுரையை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் புதுப் பசை அந்த உதிரும் நுரைமேல்தான் பிடிக்கும், அது வரும்போது எல்லாம் சேர்ந்தே வரும். அப்புறம் தோலின் ஓரத்தை ரஃபிங் செய்து, அதாவது சொரசொரப்பாக்கி, பிரைமர் போட்டு, பசை தடவி, சூடு காட்டி, பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும். தெருமுனையில் சொல்யூஷன் தடவிச் சுத்தியலால் தட்டினால் ஒரு மழை தாங்காது.

தாம்பரம்_350
ஆகஸ்ட் 12, மாலை 7.05

அண்ணா, லேபிளைப் பார்த்தேன். தயாரித்து ஐந்து வருடம் நாலு மாதம் ஆகிறது. நான் வாங்கும்போதே இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பொருள். அன்றைக்கு லேபிளில் அளவையும் விலையையும் மட்டும்தான் பார்த்தேன்.

இடது பூட்ஸையும் அழுத்திப் பார்த்தேன். பக்கவாட்டில் பெருவிரலால் அமுக்கினால் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. அதுவும் போகும் நேரம்தான்.

ஒரகடம்_பி_ஷிஃப்ட்
ஆகஸ்ட் 12, இரவு 11.50

நானும் அதே ரூட்தான் ப்ரோ. கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவை ஆறு வருடமாக வண்டிக்கும் போடுகிறேன். 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஒன்றரை வருடத்துக்கு ஒரு ஜோடி. ஷாப் ஃப்ளோரில் எட்டு மணி நேரம் நின்று, மழையில் ஓட்டி, எண்ணெயில் மிதித்து, எல்லாம் தாங்கியது. முன்னால் இரும்புத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கும் என்பது சேஃப்டி ஷூ தரத்தின் அடிப்படைத் தேவை. 12,000 போட்டு வாங்கியது மூன்று வருடத்தில் உதிர்கிறது என்றால் இது எவ்வளவோ மேல். இரும்பு வளைந்து விரலை வெட்டிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்த அளவு நசுங்கும் இடத்தில் வெறும் ஷூ போட்ட காலுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொல்லிமலை_70
ஆகஸ்ட் 13, காலை 7.30

நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கான்வாஸுக்கு சேஃப்டி ஷூ எவ்வளவோ மேல். ஆஸ்திரேலியாவில் கான்பெரா பகுதியில் விபத்தில் சிக்கிய 212 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2011ல் வெளிவந்தது. மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ் போட்டிருந்தவர்களுக்கே, ஷூ போட்டிருந்தவர்களோடு ஒப்பிட்டால், பாதத்திலும் கணுக்காலிலும் காயம் படும் வாய்ப்பு பாதிக்கும் கீழே. அதனால் கையில் இருக்கும் பூட்ஸைப் போடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

மீதிப் பாதிக்கு என் சொந்தக் கதை. இரண்டு வருடம் முன்பு, பிப்ரவரி. கொல்லிமலையில் இருந்து காரவள்ளி பக்கம் இறங்குகிறேன், 70 வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை. வளைவின் உள்பக்கம் லாரி சிந்திய ஜல்லி. வேகம் 25 இருந்தால் அதிகம். முன் சக்கரம் வழுக்கி வண்டி இடது பக்கம் படுத்தது, என் இடது கால் அடியில் மாட்டிக்கொண்டு நாலைந்து அடி இழுபட்டது. நடந்தது அவ்வளவுதான்.

எழுந்து பூட்ஸைப் பார்த்தேன். வெளிக் கணுக்கால் மேல் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தில், அஞ்சு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் முழுக்கத் தேய்ந்து உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. தேய்ந்த இடத்தின் நடுவில் ஒரு ஜல்லி முனை குத்திய பள்ளம், அரிசி நீளம். உள்பக்கம், கால் வைக்கும் கம்பி அழுத்திய இடத்தில் கோடு கோடாக அதன் பற்களின் தடம். கழட்டினால் கணுக்காலில் சிவந்திருந்தது, மறுநாள் கொஞ்சம் வீக்கம். மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். அந்த ஜல்லி உட்கார்ந்த இடம் சரியாகக் கணுக்கால் எலும்பு முண்டு. சேஃப்டி ஷூவில் அந்த இடத்தில் பஞ்சு வைத்த காலர் மட்டும்தான் இருக்கும். அரைச் ஷூவாக இருந்தால் அதுவும் இல்லை.

அடுத்த வருடம் என் நண்பர் ஒருவர் கிட்டத்தட்ட இதே வேகத்தில், சமதளத்தில் விழுந்தார். காலில் ஓடுவதற்குப் போடும் ஷூ. வண்டி பாதத்தின் குறுக்கே விழுந்து முன்பாதத்தில் மூன்று எலும்பு முறிந்தது. நாலு மாதம் ஊன்றுகோல். இன்றும் மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குகிறார்.

அந்த பூட்ஸை நான் தூக்கிப் போடவில்லை. புதிதாக வண்டி வாங்கி வீட்டுக்கு வருகிற பையன்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

ஒரகடம்_பி_ஷிஃப்ட்
ஆகஸ்ட் 13, காலை 8.10

அண்ணா, படித்தேன். நான் போடுவது அரைச் ஷூதான். குறைந்தது கணுக்கால் மூடும் மாடலாவது ஸ்டோரில் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

சூரிச்_மோட்டார்
ஆகஸ்ட் 13, மதியம் 2.20

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது சூரிச்சில் இருக்கிறேன். இங்கே மோட்டார் சைக்கிள் சப்பாத்து வாங்கும்போது முதலில் பார்ப்பது லேபிளில் இருக்கும் சின்ன மோட்டார் சைக்கிள் படமும் அதன் கீழே நாலு இலக்கமும். ஈ.என். 13634 என்ற ஐரோப்பியத் தரம் அது. இப்போது இந்தியாவில் விற்பதிலும் அந்த லேபிள் வருகிறது, பலர் அதை வடிவாகப் பார்ப்பதில்லை.

நாலு இலக்கமும் 1 அல்லது 2 ஆக இருக்கும். முதலாவது உயரம். இரண்டாவது உராய்வு: ஆபத்துக் கூடின பகுதிகள் ஓடும் உராய்வுப் பட்டியில் 5 விநாடி தாங்கினால் 1, 12 விநாடி தாங்கினால் 2. மூன்றாவது கத்தி போன்ற கூர்முனை வெட்டுவதைத் தாங்கும் அளவு. நாலாவதுதான் எனக்கு முக்கியம், பலர் கவனிக்காமல் விடுவதும் அதுதான். பாதத்தின் அகலவாட்டில் இரண்டு பக்கமும் வைத்து நெரித்தால் சோல் எவ்வளவு தாங்கும் என்ற அளவு. 1 என்றால் சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான விசை, 2 என்றால் 150 கிலோ. மேலே ஒருவர் தன் நண்பரின் பாத எலும்பு முறிந்ததைச் சொன்னார் அல்லவா, அதற்கு நேரே பதில் சொல்லும் இலக்கம் இது.

அதோடு ஐ.பி.ஏ. என்று இருந்தால் கணுக்காலுக்குத் தனிப் பாதுகாப்பு சோதிக்கப்பட்டது என்று விளங்கிக்கொள்ளலாம். ஐ.பி.எஸ். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புக்கு. டபிள்யூ.ஆர். தண்ணீருக்கு. சில சப்பாத்துகளில் கணுக்காலில் மெத்தை தைத்திருப்பார்கள், பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் ஐ.பி.ஏ. இருக்காது. அந்த மூன்று எழுத்தைத் தேடுங்கள்.

தாம்பரம்_350
ஆகஸ்ட் 13, இரவு 9.00

அண்ணே, விளக்கியதற்கு நன்றி. உதிர்ந்த என் பூட்ஸில் 2 2 2 2 என்று இருக்கிறது! நாலும் இரண்டு. அப்படியும் இப்படி ஆகிவிட்டதே?

ஆம்பூர்_லாஸ்ட்
ஆகஸ்ட் 14, காலை 6.40

சோதனைக்குப் போவது புது ஜோடி தம்பி. அன்றைக்கு அது 150 கிலோவைத் தாங்கியது உண்மை. ஐந்து வருடம் கழித்து அந்த நுரை எப்படி இருக்கும் என்று அந்த இலக்கங்கள் எதுவும் சொல்லவில்லை. பாதுகாப்பு ஒரு கணக்கு, ஆயுள் இன்னொரு கணக்கு. சேஃப்டி ஷூவில் தயாரித்த வருடத்தைப் போட்டே ஆக வேண்டும். அதையும் இதே போலப் பாருங்கள், அதிலும் பெரும்பாலும் பி.யு. சோல்தான். ஒரகடம் தம்பிக்கு உதிராததன் காரணம் ஒன்றரை வருடத்தில் போட்டுத் தேய்த்துவிடுகிறார்.

நீடிப்பதற்கு நான் பார்க்கும் இடங்கள் சொல்கிறேன். ஜிப்தான் முதலில் போகும். பக்கவாட்டு ஜிப்பின் அடி முனையில், பாதம் மடங்கும் இடத்துக்கு அருகே, துணிப்பட்டை நைந்துபோகும். வெல்க்ரோ மடிப்பு மூடும் ஜிப்பாக இருந்தால் மண் உள்ளே போகாது. மாதம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, வெள்ளை மெழுகுவர்த்தியை ஜிப் பற்கள்மேல் இரண்டு தடவை தேய்த்தால் போதும். எண்ணெய் விட்டால் மண் ஒட்டும். இரண்டாவது, இடது பெருவிரல் மேல் கியர் லீவர் உரசும் இடம். தனியாக ஒரு பட்டை தைத்திருக்க வேண்டும், வெறும் பெயிண்ட் இல்லை. மூன்றாவது பக்கிள். அலுமினியம் வளையும், நிமிர்த்திக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உடையும். உடைந்தால் மாற்றிக்கொள்ளும்படி ஸ்க்ரூவில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

தோல் முழுப்பரப்புத் தோலாக இருந்தால் நல்லது. மேல்பரப்பைச் சீவி எடுத்த அடித்தோலின்மேல் பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்து விற்பதும் உண்டு. மடங்கும் இடத்தில் அந்தப் பூச்சு உரிய ஆரம்பித்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. இரண்டு கையாலும் முன்பகுதியை மடக்கிப் பாருங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் நிறைய விழும், விட்டதும் மறையும். பூச்சுத் தோலில் பிளாஸ்டிக் டேப் மாதிரி ஒரே ஒரு பெரிய மடிப்பு விழுந்து வெள்ளைக் கோடு தெரியும்.

வால்பாறை_40
ஆகஸ்ட் 14, மாலை 5.30

கோவையில் இருந்து எழுதுகிறேன். இதுவரை யாரும் அளவைப் பற்றிப் பேசவில்லை. எட்டு வருடமாக ஓட்டுகிறேன், வால்பாறை 40 வளைவும் மனப்பாடம். என் கால் யு.கே. 4. இங்கே கடைகளில் பூட்ஸ் 6ல்தான் ஆரம்பிக்கும். "இரண்டு சாக்ஸ் போட்டுக்கோங்க மேடம்" என்று சொல்லிச் சொல்லியே முதல் ஜோடியை என் தலையில் கட்டினார்கள். உள்ளே கால் முன்னும் பின்னும் ஓடினால் கணுக்கால் கிண்ணம் கணுக்காலில் நிற்காது, முக்கால் அங்குலம் தள்ளித்தான் இருக்கும். அளவு சரியில்லாத பூட்ஸில் அந்தப் பாதுகாப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆல்பைன்ஸ்டார்ஸ் கம்பெனியில் பெண்களுக்கென்று ஸ்டெல்லா என்ற வரிசை இருக்கிறது. விலை அதிகம், ஆனால் கெண்டைக்கால் சுற்றளவும் குதிகால் அகலமும் நம் காலுக்கு ஏற்ற மாதிரி வருகிறது. என் இரண்டாவது ஜோடி அப்படி வாங்கியதுதான், ஐந்தாவது வருடம் ஓடுகிறது.

ஆண்களுக்கும் ஒரு விஷயம். நம் ஊர்க் கால் முன்பக்கம் அகலம். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் (சி.எல்.ஆர்.ஐ.) நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து அதைத்தான் சொன்னது. ஐரோப்பிய அச்சில் செய்த பூட்ஸில் நீளம் சரியாக இருக்கும், சுண்டுவிரல் பக்கம் நெருக்கும். தோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், விரல் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூக்குக்கட்டி விட்டுக்கொடுக்காது. சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள், காலையில் இருப்பதைவிடக் கால் அப்போது உப்பியிருக்கும். வண்டிக்குப் போடும் அதே சாக்ஸோடு போடுங்கள். கடைக்குள் நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கடைக்காரரிடம் கேட்டு உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து முழங்காலை மடக்கி, கியர் லீவருக்கு அடியில் பூட்ஸின் மூக்கை விட்டு மேலே தூக்கிப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் பூட்ஸின் மேல் விளிம்பு குத்துகிறதா, முழங்காலுக்குப் பின்னால் உரசுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். நடந்தால் கடிக்கிற பூட்ஸ் வண்டியில் சுகமாக இருக்கும், நடக்கச் சுகமானது வண்டியில் கணுக்காலை முறுக்கும். இரண்டும் நடப்பது உண்டு.

லீவருக்கு அடியில் மூக்கு நுழையவில்லை என்று பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லீவரை மேலே ஏற்றிக்கொள்ளலாம்! நேராகத் தண்டில் மாட்டியிருந்தால் போல்ட்டைத் தளர்த்தி ஒரு பல் தள்ளி மாட்ட வேண்டும். நடுவில் கம்பி இருக்கும் வண்டிகளில் இரண்டு முனை லாக் நட்டையும் தளர்த்திக் கம்பியைத் திருகினால் லீவர் ஏறும், இறங்கும். அதில் ஒரு நட்டு பெரும்பாலும் இடப்புரி மரை. வழக்கமான பக்கம் திருப்பிப் பலம் கொடுத்து உடைத்துவிடாதீர்கள்.

ஒரகடம்_பி_ஷிஃப்ட்
ஆகஸ்ட் 14, இரவு 11.40

அக்கா, லீவர் விஷயம் நாளைக்கே செய்கிறேன். இரும்புத் தொப்பி கனத்தால் இரண்டாவது கியர் விழாமல் நியூட்ரலிலேயே நிற்கும், ஆறு வருடமாக வண்டியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

குற்றாலம்_சாரல்
ஆகஸ்ட் 15, காலை 10.00

எங்கள் ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். வாட்டர்ப்ரூஃப் வாங்கலாமா வேண்டாமா? என் பூட்ஸில் பூஞ்சணம் பூத்து வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வேறு.

சூரிச்_மோட்டார்
ஆகஸ்ட் 15, மதியம் 1.15

இங்கே வாட்டர்ப்ரூஃப் இல்லாமல் முடியாது. ஃபுர்கா கணவாய் 2,429 மீட்டர், ஜூலையிலும் மழையோடு குளிர் விறைக்கும். தண்ணீரை உள்ளே விடாத கோர்-டெக்ஸ் சவ்வு வைத்த சப்பாத்துதான் எட்டு வருடமாகப் பாவிக்கிறேன். ஆனால் ஊருக்கு வந்து யாழ்ப்பாண வெயிலில் அதையே போட்டபோது, இரண்டு மணித்தியாலத்தில் சாக்ஸைப் பிழிந்தேன். சவ்வு வியர்வை ஆவியை வெளியே விடும் என்பது சரி. வெளியே உள்ளேயை விடக் குளிராக, காய்ந்து இருந்தால்தான் அது வடிவாக வேலை செய்யும். கடற்கரை ஊரின் சூட்டில் ஆவிக்குப் போக இடமில்லை.

ஆம்பூர்_லாஸ்ட்
ஆகஸ்ட் 15, இரவு 8.30

அவர் சொன்னது அப்படியே சரி. தமிழ்நாட்டில் வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் வெயில். என் கருத்து: துளையிட்ட, காற்றோட்டமான தோல் பூட்ஸ், மழைக்கு மேலே போடும் ரப்பர் உறை. கோவைக்கும் ஊட்டிக்கும் வேறு கணக்கு. சவ்வு இருக்கும் பூட்ஸை மழையில் போட்டால், மழை பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே சொருகினால் தண்ணீர் காலைப் பிடித்து இறங்கி உள்ளே நிரம்பும், சவ்வு அதை வெளியே விடாது. காய இரண்டு நாள் ஆகும்.

பூஞ்சணத்துக்கு: வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் காற்றுப் படும்படி வையுங்கள். வெயிலில் நேராக வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், பசையும் இளகும். நனைந்தால் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்சோலைத் தினமும் வெளியே எடுத்துத் தனியாக உலர்த்துங்கள். சேற்றுப்புண்ணுக்குப் பாதிக் காரணம் அந்த இன்சோலும் காட்டன் சாக்ஸும்தான். காட்டன் வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்திருக்கும். கம்பளியோ செயற்கை நூலோ கலந்த சாக்ஸ் வாங்குங்கள். புண் ஆறாவிட்டால் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப் போட வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். செருப்புக்கு அது பழக்கம்தான். ஆனால் பூட்ஸில் தோல் தொளதொளத்து உருவம் மாறிவிடும், எண்ணெயில் மண் ஒட்டும், தோல் ஓரத்தில் பசை விட்டுக்கொடுக்கும். லெதர் க்ரீம் ஒரு டப்பா ஒரு வருடம் வரும்.

தாம்பரம்_350
ஆகஸ்ட் 31, இரவு 9.20

இரண்டு வாரம் நீங்கள் எல்லோரும் சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நாலு கடை. ஒவ்வொன்றிலும் லேபிளைத் திறந்து காட்டச் சொன்னேன். ஓரிடத்தில் பாதி விலைக்கு ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார்கள், தயாரித்து நாலு வருடம். வேண்டாம் என்று வந்துவிட்டேன். கடைசியில் வாங்கியது கணுக்காலுக்கு மேல் நாலு அங்குலம் வரும் பூட்ஸ். 1 2 2 2, ஐ.பி.ஏ. உண்டு, சவ்வு கிடையாது, ரப்பர் சோல், தயாரித்து ஐந்து மாதம். 8,900 ரூபாய். சாயங்காலம் போய், வண்டியில் உட்கார்ந்து பார்த்துத்தான் எடுத்தேன். நான் முதலில் கேட்ட அளவு சுண்டுவிரலில் நெருக்கியது, அரை அளவு கூட்டி வாங்கினேன்.

பழைய ஜோடியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. சென்னையில் தோல் கடைகள் இருக்கும் பெரியமேட்டில் விசாரித்து ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். பழைய நுரையை முழுக்கச் சுரண்ட அவருக்கு ஒரு பகல் ஆனது. கத்தி, உப்புத்தாள், அப்புறம் ஒரு துணி. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஈவா ஷீட்டை வெட்டி, அதற்குக் கீழே டயர் ரப்பர் மாதிரி தடித்த ஷீட் ஒட்டினார். ஓரத்தில் தைக்கட்டுமா என்று கேட்டார். தண்ணீர் வருமே என்றேன். குத்தூசியைக் கீழே வைத்துவிட்டு, "மழைக்குப் போடப் போறியா, மலைக்குப் போடப் போறியா?" என்று கேட்டார். மலைக்கு என்றேன். மெழுகு நூலை எடுத்துச் சுற்றிலும் தைத்துக் கொடுத்தார். 1,400 ரூபாய். பிரஸ் இல்லாமல் செய்த வேலை, எவ்வளவு நாள் வரும் என்று பார்க்கலாம்.

ஆம்பூர்_லாஸ்ட்
ஆகஸ்ட் 31, இரவு 10.05

தையலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்குலத்துக்கு ஐந்து தையல், ஒன்றுகூடக் கோணவில்லை. அந்தக் கையை நான் மதிக்கிறேன். அவரிடம் போகும்போது ஆம்பூர்க்காரன் ஒருத்தன் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தாம்பரம்_350
டிசம்பர் 14, காலை 8.00

மழைக்காலம் ஓரளவு ஓய்ந்தது, அதனால் எழுதுகிறேன். புது ஜோடியைத் தினமும் போட்டதில் 5,000 கி.மீ. தாண்டிவிட்டது. முதல் பத்து நாள் வலது குதிகாலில் கடித்தது, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போட்டேன், அப்புறம் இளகிவிட்டது. அக்டோபரில் மேல் உறை எடுக்க மறந்த இரண்டு நாளும் சாக்ஸ் முழுக்க நனைந்தது. செய்தித்தாள் திணித்து வைத்தேன், மறுநாள் காலைக்குள் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. இடது மூக்கில் கியர் உரசும் பட்டையின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து நின்றது, இழுக்காமல் லைட்டரால் முனையைச் சுட்டு அமுக்கிவிட்டேன். எட்டு மணி நேரம் நின்றால் பழைய கான்வாஸைவிடக் கால் கனக்கிறது என்பது உண்மை. அதற்காக ஷிஃப்டில் மாற்ற ஒரு செருப்பு லாக்கரில் வைத்திருக்கிறேன்.

இப்போது இரண்டு ஜோடியும் வாசல் பக்கம், காற்றுப் படும் தட்டில் இருக்கின்றன. பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

கொல்லிமலை_70
டிசம்பர் 14, காலை 9.10

பெரியமேட்டு ஜோடியைப் போட்டுக்கொண்டு வாருங்கள் தம்பி. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு காரவள்ளி அடிவாரத்தில் டீக்கடை முன்னால் இருப்பேன். அந்தத் தையலை நேரில் பார்க்க வேண்டும்.